மெய்யெழுத்து

தேயிலைப் பெட்டி ஒன்றுதான் மேடை.
பலகையில் லண்டன் என்று முத்திரை.
குன்னூர்ச் சந்தையின் கீழ்வாசலில்
நாற்பத்திரண்டு ஜூலையில்
மூன்று சாயங்காலம்
மூன்று பேரைத் தாங்கியது அது.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தின் ஓரத்தில் நான்.
மடியில் நோட்டு, கையில் ஊதா மைப்பென்சில்,
சர்க்கார் சம்பளம்.
போலீஸ் எழுத்தன் என்று எல்லோருக்கும் தெரியும்.
தெரிந்தும் யாரோ
குடையை எனக்கும் கொஞ்சம் சாய்த்தார்கள்.

செவ்வாய், தேவநேசன்.
அருவங்காட்டு வெடிமருந்தில்
மஞ்சளேறிய விரல்கள்.
"வீடு பற்றி எரியும்போது
வாடகைத் தகராறா?
முதலில் ஜப்பான்காரனை நிறுத்து.
இன்று ஷிப்டை நிறுத்துகிறவன்
நாளைக்கு வேறு எஜமானுக்குச் சலாம் போடுவான்."
கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான்.
எனக்குக் கோடு ஒன்று கோணியது.
தம்பி சிங்கப்பூரில்.
கடிதம் நின்று ஐந்து மாதம்.

புதன், பூலோகம்.
வெலிங்டனில் பட்லராயிருந்த அப்பனின் கோட்டு,
தோளில் ஒரு விரற்கடை அதிகம்.
"போகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன்.
துரை போனால் போதாது,
நாற்காலியும் போகணும்.
அது இங்கேயே கிடந்தால்
அடுத்து உட்காருகிறவர் செருப்பையும்
நான்தான் துடைக்கணும்."
கைதட்டல் இல்லை.
லைன் வீட்டுப் பெண்கள் நாலு பேர்
கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள்.

வியாழன், மழை.
போஜா கவுடரின் கதர்த் தலைப்பாகை
சொட்டிக்கொண்டிருந்தது.
"அவன் போகட்டும். இன்றைக்கே.
மற்றதை நாம் அண்ணன் தம்பியாய்ப்
பேசிக்கொள்ளலாம்."
அவர் காட்டில் கிழங்கு தோண்டுகிறவர்களுக்குச்
சிரட்டையில்தான் டீ.
இது எந்தப் பேச்சிலும் வரவில்லை,
அதனால் நான் எழுதவில்லை.

ஸ்டேஷனில் நோட்டைத் திறந்தால்
கவுடர் கரைந்து ஊதாவாய் ஓடியிருந்தார்.
இன்ஸ்பெக்டருக்கு விடிந்ததும் அறிக்கை வேண்டும்.
சுருக்கெழுத்தில் உயிரை விட்டுவிட்டு
மெய்யை மட்டும் போடுவோம்.
அந்த ராத்திரி
யார் உயிரை யார் மெய்யில் ஏற்றினேனோ,
புதன் வியாழனோடு ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்டில் பிடித்தார்கள்.
ஊட்டிக் கோர்ட்டில் என் எழுத்தை
மாஜிஸ்திரேட் உரக்க வாசித்தார்:
துரை போனால் போதாது, நாற்காலியும் போகணும்.
"தோட்டக் கூலிகளைத் தூண்டும் பேச்சு. நீர் சொன்னதா?"
இல்லை என்றால் ஆறு மாதம் குறையும்.
வக்கீல் கண்ணைக் காட்டினார்.
கவுடர் என்னைப் பார்த்தார்.
பிறகு கடைசி பெஞ்சில்
கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தவரை
வெகு நேரம்.
தகரக் கூரையில் கற்பூரமரக் கிளை
உரசிக்கொண்டே இருந்தது.
"சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.
"ஆமாவா, இல்லையா?"
"ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்."

வாசலில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.
பூலோகம் துடைக்கவில்லை.
"அந்த வார்த்தை ஒன்றுதான் எங்களிடம் இருந்தது,
அதற்கும் அவருக்கே மாலை" என்று
என்னிடம்தான் சொன்னார்,
எழுதிக்கொள் என்கிற மாதிரி.

தம்பி வரவில்லை.

நாற்பத்தெட்டில்
நோட்டு அட்டையில் கிரீடத்தைக் காணோம்.
உள்ளே அதே கோடுகள்.
தேவநேசன் தலைமறைவு;
பிடித்துக் கொடுத்தால் பணம்.
கவுடருக்கு ஜில்லா போர்டில் ஒரு நாற்காலி.
முதல் நாள் அதில் உட்காராமல்
ஜன்னலோரம் நின்றே பேசினாராம்.
இரண்டாம் நாள் உட்கார்ந்தார்,
முழங்கால் வலி.

அதே சந்தை. பெட்டியில் லண்டன்
பாதி தேய்ந்திருந்தது.
பூலோகம் ஏறினார்.
கோட்டு இப்போது சரியாக இருந்தது,
உடம்புதான் இளைத்திருந்தது.
ஒரு சொல்லும் மாற்றாமல்
அதே பேச்சு.
யாரும் குடை விரிக்கவில்லை,
வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.
பென்சிலைச் சீவினேன்.
இந்த முறை
பெயரைச் சரியாகப் போட்டேன்.